சரிந்த கொல்லையை மினி டிராக்டரால் சமன் செய்வது எப்படி?

டெல்டா என்றாலே பலகை போலத் தட்டையான நெல் வயல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்கள். மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாய் பாயும் இந்தப் புது டெல்டாவில் செம்மண் மேடும் சரிவும் ஏராளம். எங்கள் கொல்லையும் (மேட்டு நிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அந்த மாதிரிதான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைப் பெயர்த்துப் போட்டபின் சரிவோடு குழிகளும் சேர்ந்துகொண்டன. 24 ஹெச்பி மினி டிராக்டரை வைத்து நானே அதைச் சமன் செய்தேன். பாதி இடத்தை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

எப்போது இறங்குவது

உளுந்து எடுத்தபின், சித்திரை வைகாசியில். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை வந்துவிடும், டிராக்டரும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. கோடை மழை ஒன்று பெய்து மூன்று நான்கு நாள் ஆன மண் நல்லது. ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உருண்டை உதிர்ந்தால் பதம் சரி. அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். உருட்டவே வரவில்லையென்றால் வெறும் புழுதி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைத் தள்ளும் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும்.

அளவு எடுப்பது

கண்ணால் பார்த்து மேடு பள்ளம் சொல்பவரை நம்பாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூப், போதும். நூறு அடி டியூப் வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கலந்தால் வெயிலிலும் மட்டம் தெரியும்.

ஒரு மா நிலத்தை எடுத்துக்கொள்வோம். நூறு குழி, அதாவது 120-க்கு 120 அடி. முப்பது அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்தால் மொத்தம் 25 குச்சி. நிலத்தின் நடுவில் ஒரு கம்பு நட்டு, தரையிலிருந்து 48 அங்குலத்தில் கோடு போடுங்கள். ஒருவர் டியூபின் ஒரு முனையோடு அங்கே நிற்க வேண்டும். நீங்கள் மறு முனையோடு குச்சி குச்சியாகப் போய் டியூபை ஏற்றி இறக்குங்கள். கம்பின் கோட்டில் தண்ணீர் வந்ததும் அவர் "சரி" என்பார். அப்போது உங்கள் பக்கத் தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை எத்தனை அங்குலம் என்று அளந்து குச்சியிலேயே எழுதிவிடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள்: எண் பெரிதாக இருந்தால் அது பள்ளம், சிறிதாக இருந்தால் மேடு. முதல் நாள் நான் தலைகீழாகப் புரிந்துகொண்டு பள்ளத்துக் குச்சிக்கெல்லாம் "வெட்டு" என்று எழுதி வைத்தேன்.

ஒரே மட்டம் வேண்டுமா?

மேல் ஓரம் 42, கீழ் ஓரம் 54 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிச் சரிவு. சராசரி 48. மேல் ஓரத்தில் அரை அடி வெட்ட வேண்டும், கீழ் ஓரத்தில் அரை அடி நிரப்ப வேண்டும். நடுவை நோக்கி வர வர அது குறைந்துவிடும் என்பதால் மேல் பாதியில் சராசரி வெட்டு 3 அங்குலம். 7,200 சதுர அடிக்குக் கால் அடி, ஆக 1,800 கன அடி. மண் வியாபாரக் கணக்கில் (நூறு கன அடி ஒரு யூனிட்) 18 யூனிட்! மினி டிராக்டர் அதைத் தள்ளி முடிப்பதற்குள் உங்களுக்கு முதுகு போய்விடும்.

அதையே நடுவில் ஒரு வரப்பு போட்டு மேல் வயல், கீழ் வயல் என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சரிவு அரை அடிதான். மொத்த மண்வேலை 9 யூனிட், சரி பாதி. அதிகபட்ச வெட்டும் 3 அங்குலத்தோடு நின்றுவிடும். அதைவிட முக்கியம், மேல்மண் தப்பிக்கும். எங்கள் செம்மண்ணில் அரை அடி வழித்தால் அடியில் சரளை தலைகாட்டும், அதில் எள்ளுகூட முளைக்காது. ஓர் அடிக்கு மேல் சரிவு உள்ள எந்த நிலத்தையும் ஒரே வயலாக்க முயல வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இரண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள்.

நெல்லுக்கு என்றால் முழு மட்டம். கடலை, தென்னை என்றால் வடிகால் பக்கம் நூறு அடிக்கு ஓரிரு அங்குலம் வாட்டம் விடுங்கள்.

குழியை முதலில் மூடுங்கள்

நான் சறுக்கியது இங்கே. தென்னங்குழிகளில் வேர்க்கட்டையைப் பாதி விட்டுவிட்டு, மேலே ஒரே தள்ளலில் மண்ணைத் தள்ளி மூடினேன். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழையில் ஒவ்வொரு குழியும் உள்வாங்கி முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து.

கட்டையை முழுதாக எடுங்கள். சங்கிலி போட்டு இழுப்பதானால் டிராக்டரின் கீழ்ப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் (கருவியின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் திருகுத் தண்டு) இருக்கும் உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். பெரிய கட்டைக்கு ஜேசிபியை ஒரு மணி நேரம் கூப்பிடுவது மலிவு. பிறகு அரை அடி மண், கொஞ்சம் தண்ணீர், திமிசுக் கட்டையால் இடி. மறுபடி அரை அடி. கடைசியில் குழி வாய் இரண்டு மூன்று அங்குலம் மேடாகவே இருக்கட்டும், தானாக அமுங்கும்.

கலப்பை, பிளேடு

ஐந்து கொத்துக் கலப்பை ஒன்று, மண்ணை வழித்துத் தள்ளும் டெரேசர் பிளேடு ஒன்று. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகையையும் விசாரித்துப் பாருங்கள்.

வெட்ட வேண்டிய பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு உழுங்கள். எல்லாவற்றையும் உழுதுவிட்டால் பொலபொலவென்ற மண்ணில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அப்புறம் பிளேடை மாட்டி, ஆடாமல் இருக்கப் பக்கச் சங்கிலியை இறுக்குங்கள். சமதரையில் இறக்கி இரண்டு முனையும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றனவா பாருங்கள். இல்லையென்றால் பிளேடைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ராடைத் திருகிச் சரி செய்யுங்கள். டாப் லிங்க்கை இரண்டு சுற்று ஒரு பக்கம், இரண்டு சுற்று மறுபக்கம் மாற்றி ஓரமாக ஓட்டிப் பார்த்தால், எதில் பிளேடு கடிக்கிறது, எதில் தடவுகிறது என்பது பிடிபடும்.

ஓட்டம்

லோ கியரில், மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி. ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பிளேடு நிறைந்ததும் எஞ்சின் சத்தம் கனக்கும், அப்போது பிளேடை ஏற்றி இறக்கும் லிவரை ஒரு நூல் ஏற்றுங்கள். பள்ளம் வந்ததும் படக்கென்று தூக்காமல் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் மெல்ல மெல்லத் தூக்கினால் மண் விரிந்து விழும். தூக்கிப் போட்டால் அங்கே புதுசாக ஒரு மேடு.

முதல் நாள் எல்லோருக்கும் நிலம் அலை அலையாகத்தான் வரும். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்னால் பிளேடு மண்ணில் இறங்கும், சக்கரம் இறங்கும்போது பிளேடு ஏறும். அதைத் துரத்திக்கொண்டு லிவரை ஆட்டினால் அலை கூடும். கையை எடுத்துவிட்டு, அடுத்த ஓட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக ஓட்டுங்கள். ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒருமுறை இறங்கி டியூப் லெவலைப் பிடியுங்கள். கடைசி இரண்டு ஓட்டத்துக்குப் பிளேடைத் திருப்பி மாட்டி முதுகுப் பக்கத்தால் இழுத்தால் கட்டி உடைந்து வழவழப்பாகும்.

வாய்க்கால் எத்தனை அடி ஆழமோ, கரையிலிருந்து குறைந்தது அத்தனை அடி தள்ளியே வண்டி ஓடட்டும். ஓரம் முழுக்க மண்வெட்டி வேலைதான். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

மோட்டாரைப் போட்டு வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். திட்டாகத் தெரியும் இடத்தில் ஒரு குச்சி, ஆழமாக நிற்கும் இடத்தில் வேறு நிறத் துணி கட்டிய குச்சி. நெல் வயலானால் அந்தச் சேற்றிலேயே பரம்படித்துத் திட்டை இழுத்துவிடலாம். கொல்லை என்றால் காயவிட்டு பிளேடால் ஒரு சுற்று.

வெட்டின பக்கம் முதல் வருடம் பயிர் வெளுத்துத்தான் நிற்கும். அங்கே மட்டும் எருக்குப்பையை இரண்டு மடங்கு கொட்டி, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். நிரப்பின பக்கம் ஒரு மழைக்காலம் முழுக்க அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், தை மாதம் டியூப் லெவலை மறுபடி எடுத்து அந்தப் பக்கத்துக் குச்சிகளை மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.