பெம்பிகஸ் வந்த வாயில் பல் துலக்கியது

பெம்பிகஸ் வல்காரிஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தோலையும் வாயின் உட்பரப்பையும் தாக்கி, கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் நோய். அதில் எனக்கு ஈறெல்லாம் தோலுரிந்து, பிரஷ் பட்டாலே ரத்தம். பயந்துபோய் மூன்று வாரம் வெறும் தண்ணீரில் கொப்பளித்தேன். அதுதான் தப்பு. பல்லோரம் படிந்த அழுக்கு ஈறு வீக்கத்தைக் கூட்டி, புண்ணை ஆறவே விடவில்லை.

பல் மருத்துவர் சொன்னபடி மாற்றினேன். சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரை தரும் பொருளும் புதினாக் காரமும் இல்லாத பேஸ்ட், மிக மென்மையான சின்ன பிரஷ். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் நார்கள் துவளும். பிறகு ஈறோரமாக, ஒவ்வொரு பல்லாக, அழுத்தாமல். உரிந்து தொங்கும் தோலை இழுக்கவே கூடாது; நல்ல இடமும் சேர்ந்து கிழியும்.

துலக்கிய பிறகே ஸ்டீராய்டு மருந்தால் கொப்பளித்துத் துப்புவேன். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடமாட்டேன். ஒருமுறை நாக்கில் வெள்ளையாகப் படிந்தது, பூஞ்சைத் தொற்று. உடனே காட்டியதால் சரியானது. ஆறு வாரத்தில் ரத்தம் நின்றது. உள்ளுக்குச் சாப்பிட்ட மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு.