ஓப்பன் கேரி: நடைபாதையில் ஒரு சட்டம், காருக்குள் வேறு சட்டம்

மிச்சிகன் மாநிலம் டெட்ராய்ட் புறநகரில் கைத்துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன். ட்ரிகரில் விரல் வைத்தபடி திரும்புகிறவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை ஒரு அதட்டலில் திருத்திவிடலாம். திருத்த முடியாதவர்கள் யூடியூப் பார்த்துவிட்டு வருபவர்கள். "போலீஸுக்கே ஓப்பன் கேரி சட்டம் தெரியாது சார்" என்பதுதான் அவர்களின் முதல் வாக்கியமே. ஓப்பன் கேரி என்றால் துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு போவது. நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதில் உண்டு.

சொல்வதில் பாதி உண்மை. 2010-இல் ஒஹையோ மாநிலம் டொலீடோவில், இடுப்பில் துப்பாக்கி தெரியும்படி குடும்பத்தோடும் நாயோடும் நடந்து போன ஒருவருக்குப் போலீஸ் விலங்கு மாட்டியது. அவர் வழக்குப் போட்டார். வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே சட்டப்படி சரி, அது ஒன்றை மட்டும் காரணம் காட்டி ஆளைப் பிடித்து வைக்க முடியாது என்று 2015-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவர் நடந்து போனார். நீங்கள் மாட்டப்போவது காரில்.

காரில் ஏறிய பிறகும் அது ஓப்பன் கேரிதான் என்று நினைப்பது

டொலீடோ பக்கம் இருக்கும் ஒரு தம்பி, கிரீன் கார்டுக்காரர். ஒஹையோவில் 2022 ஜூன் முதல், 21 வயதானவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லப் பர்மிட் (அரசு அனுமதி) தேவையில்லை. அதனால் எடுக்கவில்லை. மிச்சிகனில் நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஐ-75 நெடுஞ்சாலை பிடித்து வந்தார். நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். இடுப்பு ஹோல்ஸ்டரில் துப்பாக்கி, குண்டுகளோடு, ஜன்னல் வழியாகவே தெரிகிறது. "ஓப்பன் கேரிதான் ஆபீசர், மிச்சிகனிலும் லீகல்" என்றிருக்கிறார். போலீஸ்காரர் விவாதமே செய்யவில்லை. ஒரே கேள்வி: "பர்மிட் இருக்கிறதா?"

மிச்சிகனில் ஓப்பன் கேரி லீகல்தான், தெருவில் நிற்கும்வரை. பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியோடு காரில் ஏறினால், மறைத்து வைத்தாலும் வெளியே தெரிய வைத்தாலும் அது பெலனி, அதாவது கடுங்குற்றம். 5 ஆண்டு வரை சிறை. பர்மிட் இல்லையா, குண்டைக் கழற்றி, துப்பாக்கிக்கென்றே செய்த பெட்டியில் வைத்து மூடி, டிக்கியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில். ஒஹையோ பர்மிட் எடுத்திருந்தால்கூட மிச்சிகன் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். ஒரு நாள் வகுப்புக்குச் சோம்பல்பட்டிருக்கிறார்.

வழக்கறிஞர் பேசிப் பேசிக் குற்றச்சாட்டைக் குறைத்து வாங்கினார். அதற்குள் அவரிடம் போன பணத்தில் ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம். குறையாமல் போயிருந்தால்? ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தம்பி முட்டாள் இல்லை. விசா விதிகளை மனப்பாடமாகச் சொல்வார். மாநில எல்லை தாண்டும்போது டோல் எவ்வளவு என்று பார்க்கிற மனிதர்கள் துப்பாக்கிச் சட்டத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நிறுத்தியதே செல்லாது" என்று சட்டம் பேசுவது

வட கரோலினாவில் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஒரு காரை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒரு விளக்கு எரிந்தாலே போதும் என்று பிறகு தெரிந்தது. அதாவது போலீஸ்காரர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார். 2014-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அந்தத் தவறு நியாயமான தவறாக இருந்தால், நிறுத்தியது செல்லும். எட்டுக்கு ஒன்று தீர்ப்பு. ஆகவே "உனக்குச் சட்டம் தெரியவில்லை" என்று நிரூபித்துவிட்டாலும் நீங்கள் ஜெயித்ததாக ஆகாது. அபராத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள், மிச்சத்தை வக்கீல் பேசட்டும்.

"இறங்க மாட்டேன்"

இறங்கித்தான் ஆக வேண்டும். 1977-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்ட விஷயம் இது. பிலடெல்பியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தி, டிரைவரை இறங்கச் சொன்னபோது கோட்டுக்குள் புடைப்பு தெரிந்தது. உள்ளே ரிவால்வர். இறங்கச் சொன்னது செல்லும் என்றது நீதிமன்றம்.

சொல்வதா வேண்டாமா

மிச்சிகனில் பர்மிட்காரர் துப்பாக்கி வைத்திருந்தால், போலீஸ் நிறுத்தியதும் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம், பர்மிட் 6 மாதம் முடக்கம். ஒஹையோவில் இப்போது கேட்டால் சொன்னால் போதும். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். "பர்மிட் இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பர்ஸுக்குக்கூடக் கை போகக் கூடாது.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் பிலாண்டோ காஸ்டீலைப் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 2016-இல் மின்னசோட்டாவில், பிரேக் விளக்கைச் சொல்லி நிறுத்தினார்கள். பர்மிட் உள்ளவர், துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார், சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவரை 2017-இல் விடுதலை செய்தார்கள். சொல்லிவிட்டால் ஆபத்தில்லை என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

பதிவுச் சான்றும் துப்பாக்கியும் ஒரே கிளவ் பாக்ஸில்

வேண்டாம்.

எச்1பி, மாணவர் விசா

வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாவிட்டால், மத்தியச் சட்டப்படி துப்பாக்கியும் குண்டும் உங்களிடம் இருக்கவே கூடாது. 15 ஆண்டு வரை சிறை. நண்பருடைய துப்பாக்கியை "கொஞ்சம் பிடி மச்சான்" என்று வாங்கி வைத்துக்கொள்வதும் இதில் சேரும்.