தெருப் படத்துக்கு அனிமேஷன் சாயல் வேண்டுமா?

பயணத்தில் எடுக்கும் தெருப் படங்கள் அனிமேஷன் படக் காட்சி மாதிரி கனவாகத் தெரிய வேண்டும் என்றால், ஃபில்டரைத் தேடும் முன் வானத்தைப் பாருங்கள். திரள் திரளாக வெண்மேகம் இருக்கும் நாளில், போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, ஃபிரேமில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்கே கொடுத்துவிட்டு, சைக்கிளில் போகிறவரோ குடை பிடித்து நடப்பவரோ கீழே சின்னதாக வரும் வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் பாதி வேலை.

திரையில் மேகத்தின் மேல் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பூட்டுங்கள். தெரு இருட்டாக வந்தால் பரவாயில்லை, எடிட்டிங்கில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை, தூக்கிக்கொள்ளலாம்; ஆனால் வெளுத்துப்போன மேகம் திரும்பி வராது. முடிந்தால் கேமரா பதிவுசெய்யும் விவரங்களை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபார்மட்டில் எடுங்கள்.

அப்புறம் எடிட்டிங்கில் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, கிளாரிட்டியை (விவரங்களின் அழுத்தத்தை) மைனஸ் 10, 15 வரை இறக்கினால் ஓரங்கள் மென்மையாகிவிடும். நிழலில் லேசாக நீலம், இலைப் பச்சையில் துளி நீலப்பச்சை போதும். சாச்சுரேஷனை (நிறங்களின் அடர்த்தியை) மொத்தமாக ஏற்றாதீர்கள், முதலில் கெடுவது முகங்களின் நிறம்தான். இரவில் மழை நின்ற ஈரத் தெரு கிடைத்தால் விடாதீர்கள், கேமராவில் ஒளியை மென்மையாகப் பரப்பும் மிஸ்ட் ஃபில்டரில் லேசான 1/8 அளவை மாட்டினால் விளக்குகளைச் சுற்றி ஒளி அழகாகப் பரவும்.