பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? பிள்ளை கையில் உப்புத்தாளைக் கொடுக்கும் முன்

அமெரிக்கா வந்து சில வருடங்களில் பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கையிலிருந்த பணத்துக்கு அகப்பட்ட பழைய வீட்டை வாங்கினோம். ஊரில் என்றால் வெள்ளையடிக்க ஆள் வருவார், பிள்ளைகளை "ஓரமாப் போ" என்று விரட்டிவிடுவோம். இங்கே கூலியைக் கேட்ட பிறகு நாமேதான் பெயின்டர், நாமேதான் தச்சர். பிள்ளைகளும் கூடவே வந்து நிற்பார்கள். விரட்டாதீர்கள், வேலை கொடுங்கள். ஒரே ஒரு வேலையைத் தவிர: ஈயம் (lead) கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்டைத் தேய்ப்பது.

முதலில் காகித வேலை. சுவரை இடிப்பது, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் மாற்றுவது என்றால் நகராட்சியில் பெர்மிட் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கப் பொதுவாக வேண்டியதில்லை. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அவ்வளவுதான்.

இனி நாங்கள் மாட்டிக்கொண்ட கதை. எங்கள் வீடு 1950களில் கட்டியது. மகள் அறை ஜன்னலில் பெயின்ட் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அறைதானே, அவளும் தேய்க்கட்டும் என்று ஓர் உப்புத்தாளைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து தேய்த்தாள். ஜன்னல் கட்டையில் கோலமாவு போல வெள்ளைத் தூசி படிந்தது. அதில் விரலால் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். நான் போட்டோ எடுத்தேன். அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டே படத்தைப் பார்க்க ஓடிவந்தாள்.

அடுத்த மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். "வீடு எந்த வருடம் கட்டியது?" என்று மருத்துவர் கேட்டார். பசி, தூக்கம் பற்றிக் கேட்கிற இடத்தில் வீட்டின் வயது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சொன்னதும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 9 மைக்ரோகிராம் ஈயம். இங்கே 2021 முதல் 3.5 இருந்தாலே கவனிக்க வேண்டிய அளவு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அவளுக்கு ஒரு வயிற்றுவலிகூட இல்லை, அன்று காலையில்தான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். ஈயம் அப்படித்தான், வெளியே காட்டாது. ஒரே அளவு வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகளின் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. வளர்கிற மூளையைத்தான் முதலில் பாதிக்கிறது. "நாமெல்லாம் தூசியில் வளரலையா?" என்று போனில் கேட்ட உறவினர்களிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. நாம் வளர்ந்தது மண் தூசியில். இது ஈயத் தூசி.

வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. பிரிட்டனில் அது பொதுமக்களுக்குக் கிடைக்காமல் போனது 1992இல்தான். 1978க்கு முந்தைய வீட்டை இங்கே விற்பவர், ஈயத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி ஒரு சிறு கையேடும் தரவேண்டும் என்பது சட்டம். எங்களுக்கும் தந்தார்கள். கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் பிரிக்காமலே கிடந்தது. கூலிக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டர் என்றால் 2010 முதல் இப்படிப்பட்ட பழைய பெயின்டைக் கலைக்கும் வேலைக்கென்று சான்றிதழ் வேண்டும். நம் வீட்டில் நாமே செய்தால் அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது, யாரும் வந்து தடுக்கவும் மாட்டார்கள். எதற்கெடுத்தாலும் விதி வைத்திருக்கிற நாட்டில், விதி இல்லாத வேலை ஆபத்தில்லாத வேலை என்று நம்பிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படி நம்பாதீர்கள்.

1978க்கு முந்தைய வீடு என்றால் தேய்ப்பதற்கு முன் சோதியுங்கள். ஓர் ஓரத்தில் கத்தியால் மரம் தெரியும்வரை கீறி, எல்லா அடுக்கும் சேர்ந்த சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மேலே இருக்கிற புது பெயின்டை மட்டும் சோதித்துப் பயனில்லை, ஈயம் அடி அடுக்கில் இருக்கும். ஜன்னலைத்தான் அதிகம் சந்தேகப்படுங்கள். திறந்து மூடும்போதெல்லாம் கட்டையோடு கட்டை உரசித் தூசி கொட்டுகிற இடம் அது. ஈயம் இருந்து, பெயின்டும் உரிந்திருந்தால், சான்றிதழ் பெற்ற கான்ட்ராக்டரை வைத்துச் செய்யுங்கள். அது முடியும்வரை பிள்ளைகள் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. பழைய உள்கூரையின் சொரசொரப்பான பூச்சையும் தரையில் பதித்த ஓடுகளையும் சோதிக்காமல் பெயர்க்காதீர்கள், அவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு வேறு எவ்வளவோ வேலை இருக்கிறது. எங்கள் பெரியவனுக்குப் பத்து வயது. டேப்பைப் பிடித்து, இன்ச்சின் 16 கோடுகளையும் எண்ணி, எனக்கு முன்பே அளவு சொல்கிறான். பள்ளியில் பின்னம் வராமல் அழுத பிள்ளை அவன். கழற்றிய திருகாணிகளை டப்பா டப்பாவாகப் பிரித்துப் பேர் எழுதி ஒட்டியதும் அவன்தான். சின்னவளுக்கு, உரியாத சுவரில் தண்ணீரில் கரையும் பெயின்டும் சின்ன ரோலரும் கொடுத்தோம். நிறத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். நூறு நிற அட்டையை நீட்டினால் சண்டைதான் வரும், மூன்றைப் பொறுக்கி வையுங்கள். ஏணி, மின்கருவி இரண்டும் நம் கையிலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? துடைப்பம் போடாதீர்கள். சாதாரண வாக்குவமும் வேண்டாம், நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள வாக்குவத்தை வாடகைக்கு எடுத்து உறிஞ்சிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளையின் கை, பொம்மை, படுக்கை ஓரம் எல்லாவற்றையும் கழுவுங்கள். ரத்தத்தில் ஈயத்தைப் பார்க்க வேண்டும் என்று நாளைக் காலையிலேயே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எங்கள் மகளுக்கு ஆறு மாதத்தில் 9 என்பது 4 ஆகியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.