இராணுவச் சட்டப் பயிற்சிக்கான நேர்காணல்: காரைக்குடி மாணவருக்குச் சில குறிப்புகள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு இராணுவச் சட்டப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர், முதலில் 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தை மூலத்திலேயே படிக்க வேண்டும். வழிகாட்டி நூல்கள் பிறகு போதும். படைவீரரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்த இடமளிக்கும் அரசியலமைப்பின் 33ஆவது உறுப்பு, படைநீதிமன்றங்களின் நான்கு வகைகளைச் சொல்லும் இராணுவச் சட்டத்தின் 108ஆவது பிரிவு ஆகியவை அடித்தளம்.

அதிகக் கவனம் அச்சட்டத்தின் 69, 70ஆவது பிரிவுகளுக்கே உரியது. படைச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொன்ற வீரரைப் படைநீதிமன்றம் பொதுவாக விசாரிக்க இயலாது என்பதையும், போர்ப்பணியிலோ, இந்தியாவுக்கு வெளியிலோ, அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடியிலோ அக்குற்றம் நிகழ்ந்தால் நிலை மாறும் என்பதையும், எழுதிப் படித்ததை ஒப்பிக்காமல், வீட்டு முகப்பில் அமர்ந்து ஐயாவுக்கோ ஆச்சிக்கோ புரியும்படி எளிய தமிழில் விளக்கிப் பழகுவது, என் கருத்தில், எந்த மாதிரி நேர்காணலைவிடவும் பயன் தரும். 2007ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தில் மேல்முறையீட்டுப் பகுதியையும் பார்த்துக்கொள்ளவும்.

தன் விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவதே மரியாதை. நேர்காணல் சென்னையில் காலையில் என்றால், அன்றைய பல்லவன் விரைவுவண்டியை நம்பாமல் முந்தைய நாளே புறப்படவும்.