பிறைட் (பின்னின தூண்டில் நூல்) கட்டுறது எப்பிடி? தங்கூசி பழகின ஆக்களுக்கு

போன மாசம் கல்லடிப் பாலத்தடியில ஒரு கொடுவா, நல்ல சாமான், கரைக்குக் கிட்ட வந்துட்டு டக்கெண்டு விட்டுட்டுப் போயிட்டு. சுத்திப் பார்த்தா நூல் அறுபடல்ல, முடிச்சுத்தான் வழுக்கி அவிழ்ந்திருக்கு. எண்ட பிழைதான், தங்கூசிக்குப் போடுற முடிச்சையே பிறைட்டுக்கும் போட்டன்.

தங்கூசி நைலோன். பிறைட் பொலிஎத்திலீன், சொப்பிங் பேக்கிட சொந்தக்காரன்தான், ஆனா இதுல மூலக்கூறுச் சங்கிலி மிச்சம் நீளம், அதை ஜெல்லாக்கி இழுத்து எல்லாத்தையும் ஒரே பக்கமா நேராக்கிடுவாங்க, அதால நிறைக்கு நிறை பார்த்தா உருக்குக் கம்பியை விடப் பல மடங்கு பலம். மெழுகு மாதிரி வழுக்குறதும் அதுட குணம்தான்.

1. வாங்கினது பிறைட்தானா? ஒரு துண்டை வாளித் தண்ணில விரலால அமுக்கி, காத்துக் குமிழியைப் பிதுக்கி விடுங்க. பொலிஎத்திலீன்ட அடர்த்தி 0.97, தண்ணியை விடக் குறைவு, மேல வந்துடும். நைலோன் 1.14, அடிக்குத் தாண்டுடும். சும்மா மேல போட்டா நைலோனும் கொஞ்ச நேரம் மிதந்து ஏமாத்தும், அதுக்குத்தான் அமுக்கச் சொல்றன்.

2. றீல்ல சுத்தக்குள்ள முதல்ல நாலஞ்சு மீட்டர் தங்கூசி, இல்லாட்டி ஒரு துண்டு டேப். நேரா சுத்தினா மீன் இழுக்கக்குள்ள நூல் மொத்தமா உருளும், றீலுக்குள்ள ஒண்டும் பிடிக்காது.

3. இப்ப முடிச்சு. பேர் பலோமர். நூலை ரெண்டா மடிச்சு அந்த மடிப்பைத் தூண்டில் காதுக்குள்ளால விடுங்க, மறுகா ரெட்டை நூலாலயே லேசா ஒரு சாதா முடிச்சு, இறுக்கிடாதீங்க, அந்த மடிப்புக்குள்ளால தூண்டிலை முழுசா எடுத்து விட்டுட்டு எச்சில் பூசி மெல்ல இழுங்க. எச்சில் கட்டாயம் மச்சான், இந்த நூல் 145 பாகை சொச்சத்திலயே உருகும், காய்ஞ்ச நூல் உரசினா சூடாகி முடிச்சிலயே பலம் போயிடும். வால் அரை விரல் விட்டு வெட்டுங்க, மழுங்கின கத்தி வெட்டாது, கூர்க் கத்தரிக்கோல் வேணும்.

4. பிறைட் தங்கூசி மாதிரி இழுபடாது. டிறாக்கை, அதான் மீன் இழுக்கக்குள்ள நூலை விட்டுக் குடுக்கிற றீல்ட பிறேக்கை, கொஞ்சம் இளக்கி வைங்க, இல்லாட்டி மீன்ட வாய் கிழியும். வெறுங்கையில சுத்திப் பிடிச்சு இழுக்கவும் வேணாம், விரல்ல தோலை அறுத்துடும்.

வெட்டின துண்டுகளைப் பொக்கட்டில போடுங்க. வாவியில விட்டா உக்காது, மிதந்துகிட்டே கிடந்து ஆர்டயும் வள்ளத்து மோட்டர்லதான் சுத்தும்.