பழைய எஃப்-100க்கு 4.11 பின் அச்சு கியரைக் கழற்றி 3.50 போட்டேன்

டெக்சஸில் நான் ஓட்டும் 1966 ஃபோர்டு எஃப்-100 பிக்கப், நெடுஞ்சாலையில் 65 மைலைத் தொட்டாலே இன்ஜின் அலறும். 300 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர், மூன்று கியர், ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது, பின் அச்சில் கியர் ரேஷியோ 4.11, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்ற வேண்டும். சுமை ஏற்றி மெதுவாகப் போக அருமைதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: மைல் வேகத்தையும் ரேஷியோவையும் 336ஐயும் பெருக்கி, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) வரும். என் 28 அங்குல டயருக்கு 65 மைலில் சுமார் 3,200. அதுவே 3.50 என்றால் 2,730, 3.00 என்றால் 2,340.

3.00 மீதுதான் ஆசை. ஆனால் அவ்வப்போது டிரெய்லர் இழுக்கிறேன், ரேஷியோ அவ்வளவு குறைந்தால் ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது இழுவை போதாமல் கிளட்ச் பாவம். சரி, 3.50.

என் வண்டியில் இருக்கும் ஃபோர்டின் 9 அங்குல அச்சில் ஒரு வசதி, கியர் தொகுதி மொத்தமாக முன்பக்கம் வழியாக வெளியே வந்துவிடும், அதனால் பழைய வண்டிக் கிடங்கில் முழுத் தொகுதியாகவே வாங்கினேன், பினியன் (சின்னப் பல்சக்கரம்) எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்று அளந்து பொருத்தும் தலைவலி இல்லை. வாங்கும்முன் பற்களை எண்ணுங்கள்: பெரிய பல்சக்கரத்தில் 35, பினியனில் 10 என்றால் 3.50. அச்சுத் தண்டின் ஸ்ப்லைன் (முனையிலுள்ள வரிப்பற்கள்) 28ஆ 31ஆ என்றும் பாருங்கள், பொருந்தாவிட்டால் உள்ளேயே போகாது. கழற்றும்போது இரு தண்டுகளையும் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும், தொகுதி நல்ல கனம், ஜாக் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர். அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது, 3.50ல் அங்கே சுற்று குறைவதால் 65ல் போனாலும் 55 என்றே காட்டியது. கேபிள் முனையிலுள்ள சின்ன பிளாஸ்டிக் கியரைப் பல் குறைந்ததாக மாற்றியதும் சரியானது.